பென் டிரைவில் கொடுத்த கும்மி

சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனம் நடத்த எவ்வளவு செலவாகும் என்று கேட்பவர்களுக்காக ஒரு பட்டியல் கைவசம் வைத்திருக்கிறேன். ஸ்டூடியோ வாடகை, ஒலிப்பதிவாளர் கூலி, தட்டு அச்சடிக்கும் செலவு, அட்டைப்படம், சுங்க வரி, இணையத்தில் பாட்டு கிடப்பதற்கு வருடாவருடம் கட்டும் சந்தா. சந்தாவைக் கட்டாவிட்டால் பாட்டைத் தூக்கிவிடுவார்கள். ஒப்பித்து முடிப்பதற்குள் கேட்டவர் முகம் சுண்டிப்போகும். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

ஆனால் அது அரைகுறைப் பட்டியல். பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். வருத்தம் உண்டு, ஆத்திரமும் உண்டு. இருந்தாலும் அது என் பணம். என்னுடையதல்லாத ஒன்றையும் சேர்த்துச் செலவழித்துவிட்டேன். அதை யாரிடமும் சொல்வதில்லை.

நிறுவனம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. மும்பையில் என் செம்பூர் வீட்டின் ஹாலில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், நல்ல தாளில் அடித்த லெட்டர்ஹெட், அவ்வளவுதான். பகலில் நான் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்ப்பவன். அடுத்தவர் நஷ்டத்தைப் படித்துப் பார்த்து, இது செல்லும், இது செல்லாது என்று எழுதுவது தொழில். வளர்ந்தது மாட்டுங்காவில். எங்கள் வீடுகளில் பாட்டு என்றால் வகுப்பு, பரீட்சை, மேடை, கடைசியில் ஒரு சால்வை. பக்கத்து வீட்டுப் பெண் எத்தனாவது வர்ணம் பாடுகிறாள் என்பதே சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. பத்து வருஷம் அப்படிக் கற்றுக்கொண்டு வெறுத்துப்போனவன் நான். வெறுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். நிஜமான பாட்டு வேறெங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து உலகத்துக்குக் காட்டுவேன் என்று கிளம்பினேன்.

கண்டுபிடித்தது தாராவியில். ஆபீஸ் நண்பர் ஒருவர் தங்கள் சந்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு, அவர்கள் சொல்லில் கொடைக்கு, கூப்பிட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறவர்கள். சித்திரையில் கொடை. அதற்கு முந்தைய எட்டு நாளும் முளைப்பாரி வளர்ப்பார்கள். சாயங்காலம் பெண்கள் அதைச் சுற்றிக் கும்மியடிப்பார்கள். இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டிய சந்து அது. அதில் பதினெட்டுப் பெண்கள் வட்டம் கட்டி நின்றதைப் பார்த்தேன். எப்படி இடம் கிடைத்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முன்பாட்டு பாடியவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வருஷம் முழுக்க அதே சந்தில் ஒரு பலகாரக் கூடத்தில் சக்லி என்கிற முறுக்கைப் பிழிந்து எண்ணெயில் போடுகிறவர். அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. குரல் கரகரவென்று இருந்தது. ஆனால் அவர் ஓர் அடியை எடுத்துக் கொடுத்ததும் பதினேழு குரலும் பதினெட்டு ஜோடிக் கையும் அதைப் பிடித்துக்கொண்டன. பாட்டு ஊரிலிருந்து வந்த பழைய பாட்டு இல்லை, இங்கேயே கட்டியது.

"குழாயடி வரிசையில குடம் வச்சுக் காத்திருந்தோம்,
எங்க குடத்துக்கு முன்னால எந்தாயி குடமிருக்கு."

தண்ணீர் வரிசையில் அம்மனும் குடத்தோடு நிற்கிறாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே, இதைத் தட்டாகப் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். கும்பிடத் தோன்றவில்லை, வியாபாரம் தோன்றியது. என்னைப் பற்றி இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

அந்தக் கும்மிக்கு ஒரு முறை உண்டு. அன்றைக்கு யார் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்மியடிக்க அழைக்கிறார்களோ, அந்த வீட்டு அம்மாளின் பெயரைப் பாட்டின் நடுவில் சேர்த்துப் பாட வேண்டும். அவள் பிள்ளைகுட்டியோடு நன்றாயிருக்க வேண்டும் என்று அம்மனிடம் கேட்பது அந்த இடத்தில்தான். எட்டு நாளும் எட்டு வீடு. கோயிலுக்கு வரி கொடுத்துவிட்டு, தன் பெயர் அம்மன் காதில் விழும் அந்த அரை நிமிடத்துக்காக ஒரு வருஷம் காத்திருக்கிறவர்கள் உண்டு. பேர் சொல்லும்போது அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பாடுவார். வரி வாங்கும்போது விறைத்துக்கொண்டு நிற்கும் கோயில் கமிட்டித் தலைவர்கூட அக்கா வட்டத்துக்குள் வரும்போது நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். வருஷத்தில் மற்ற நாட்களில் அக்காவுக்காக யாரும் எழுந்து நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

பதிவு செய்ய அவர் உடனே சம்மதிக்கவில்லை. "எதுக்கு தம்பி அதெல்லாம்? கொடைக்குப் பாடுதோம், முடிஞ்சுது," என்றார். நான் ஐந்தாறு முறை போனேன். உங்கள் பாட்டு உலகமெல்லாம் கேட்கும் என்றேன். "உலகம் கேட்டு என்ன செய்யப்போவுது?" என்று கேட்டார். அதற்கு ஒரு பதில் சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாயிருக்கிறது, அதனால் எழுதவில்லை.

செம்பூரில் நான் பிடித்த ஸ்டூடியோ விளம்பரக் குரல் பதிவு செய்கிற இடம். ஆறு பேர் நின்றால் ஏழாவது ஆள் மூச்சுவிட முடியாது. கோபர்கைரனேயிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு பேர் போதும் சார், மிச்சத்தை ஓவர்டப்பில், அவர்களையே மறுபடி பாடவிட்டு, ஏற்றிக்கொள்ளலாம்," என்றார். பதினெட்டுப் பேரில் ஆறு பேரை நான் பொறுக்கினேன். சுருதி சேர்கிறவர்களாகப் பார்த்து. மாட்டுங்காவில் கற்றுக்கொண்டது எப்படியோ உதவிக்கு வந்துவிட்டது! மிச்சப் பன்னிரண்டு பேரிடம் அக்காதான் போய்ச் சொன்னார். என்ன சொன்னாரோ, அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயடியில் அதில் இரண்டு பேர் அவரோடு பேசவில்லை என்று மட்டும் தெரிந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கலை என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

பதிவன்று பாட்டு பாதியில் நின்றது. அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"வெத்தல யாரு வச்சது?"

"என்ன அக்கா?"

"யாரு வீட்டுக்குப் பாடுதோம்? பேரு போடணும்லா?"

ஸ்டூடியோவில் வெற்றிலை வைக்க வீட்டுக்கார அம்மா யாரும் இல்லை. பொதுவாக "இந்த வீட்டம்மா" என்று பாடிவிடுங்கள் என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "யாருக்குன்னு தெரியாம எப்படித் தம்பி கேக்கது?" கடைசியில் என் மனைவிக்குப் போன் போட்டு, மாட்டுங்கா மார்க்கெட்டில் வெற்றிலையும் பாக்கும் வாங்கிவரச் சொன்னேன். அவளுக்கு என் நிறுவனத்தின் மேல் அதுவரை எரிச்சலைத் தவிர வேறெதுவும் கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே வந்து தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாள். அக்கா அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பாடினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் அழுதுவிட்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் முட்டாள்தனம் ஒன்று அவளைச் சந்தோஷப்படுத்தியது அன்று மட்டும்தான்.

அந்த இடத்தை வெட்டியிருக்கலாம். ஒலிப்பதிவாளர் கேட்கவும் கேட்டார். "இருக்கட்டும்," என்றேன். என் வீட்டுப் பெயர் தட்டில் ஏறுகிறதே என்ற ஆசைதான் காரணம்.

முந்நூறு தட்டு அச்சடித்தேன். ஐரோப்பாவில் நாற்பது பேர் வாங்கினார்கள். அங்கே ஒருவர், பண்படாத ஆதி சக்தி என்று எழுதினார். சயான் ஸ்டேஷனுக்குப் பின்னால் கியாஸ் அடுப்பில் சக்லி போடுகிற பெண்மணி ஆதி சக்தியாம். அதையும் பெருமையாக எல்லோருக்கும் அனுப்பினேன். மிச்சத் தட்டுகள் கட்டிலுக்கடியில் டப்பாக்களில் இருக்கின்றன. "விருந்தாளி வந்தா பாய் எடுக்கக்கூட வழியில்லே. இதை எடுக்கப்போறேளா, நான் எடுக்கட்டுமா?" என்று மனைவி இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்கும் மற்ற ஐந்து பேருக்கும் பேசின பணத்தைக் கொடுத்தேன். அதில் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாதபடி நடந்துகொள்வதில் எங்கள் பரம்பரையே கெட்டி.

அடுத்த கொடைக்கு ஒரு மாதம் முன்னால் கமிட்டித் தலைவரைப் பார்க்கப் போனேன். தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர், அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? பாட்டு முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டு, கும்மி இல்லாத நேரத்தில் ரேடியோ செட்டில் போடுங்கள் என்று கொடுத்தேன். ஒலிபெருக்கியை அங்கே இன்னும் ரேடியோ செட் என்றுதான் சொல்கிறார்கள். அவர் அங்கேயே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"பிசிறே இல்லாம இருக்கே சார்! நம்ம பொம்பளைய பாடுனா மூணாம் நாளே தொண்ட கட்டிரும்."

எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

முளைப்பாரி வைத்த மூன்றாம் நாள் சாயங்காலம், வேட்டியெல்லாம் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி போனேன். சந்துக்குள் நுழையும்போதே பாட்டு கேட்டது. என் தட்டு. வேலையை நான் நன்றாகத்தான் செய்திருந்தேன், ஒவ்வொரு கைதட்டலும் தனித்தனியாக விழுந்தது. கோயில் முன்னால் போய்ப் பார்த்தால் வட்டம் இல்லை. முளைப்பாரிச் சட்டிகள் வரிசையாக இருந்தன, அவற்றைச் சுற்றி வாடகை நாற்காலிகள் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினெட்டுப் பெண்களுக்கு எட்டு நாள் சாப்பாடு, ஆளுக்கொரு சீலை, நிற்க இடம் என்று எல்லாமே மிச்சம் என்றார் அண்ணாச்சி. "ஆறு பேரும் பன்னெண்டு பேரும் முகத்துக்கு முகம் பாக்க மாட்டேங்குதாவ, வட்டத்த எங்க போய்க் கட்ட? உங்க பாட்டு வந்தது நல்லதாப் போச்சு."

பாட்டின் நடுவில் என் மனைவியின் பெயர் வரும் இடத்தில் சத்தம் சட்டென்று தேய்ந்து, மறுபடி எழுந்தது. முதல் நாள் அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததும் வரி கொடுத்த வீட்டுக்காரர்கள் "யாரு அந்த மகராசி? எந்தச் சந்து?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்களாம். அதிலிருந்து ரேடியோ செட்காரர் அந்த இடம் வந்தால் குமிழைத் திருகிவிடுகிறார். அன்றைக்கு வெற்றிலை வைக்க வேண்டிய வீட்டு அம்மாள் தூணோரம் நின்றிருந்தார். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

அக்கா கூட்டத்தின் பின்வரிசையில் இருந்தார். எண்ணெய்ப் புகை பிடித்த வேலைச் சீலையை மாற்றாமல் வந்திருந்தார். தன் குரல் மேலே இரும்புக் கூம்பிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். யாரும் எழுந்து நிற்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பக்கத்தில் போகவில்லை. போயிருக்க வேண்டும். கூட்டமாக இருக்கிறது, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு செம்பூர் பஸ் பிடித்தேன்.

அந்த வருஷம் முழுக்க அது என்னை அரித்தது. அக்கா இரண்டாவது தட்டுக்குப் பாடுவார் என்று நம்பியிருந்தேன், கூப்பிட வாய் வரவில்லை. சரி, செய்ததை நாமே திருத்துவோம் என்று முடிவு செய்தேன். க்ளெய்ம் பிரிவுக்காரனுக்குத் திருத்தவும் ஒரே வழிதான் தெரியும், கடிதம். கொடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் லெட்டர்ஹெட்டில் அடித்தேன். மேற்படி ஒலிப்பதிவின் முழு உரிமையும் எங்கள் நிறுவனத்துக்கே சொந்தம், எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பொது இடத்தில் ஒலிபரப்பக் கூடாது. கீழே கையெழுத்து, முத்திரை. பாட்டைப் பிடுங்கிவிட்டால் வேறு வழியில்லாமல் பெண்களைக் கூப்பிடுவார்கள் என்பது என் கணக்கு. அக்காவிடம் சொல்லவில்லை. வட்டம் கட்டின பிறகு தெரியட்டும், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நீங்கதான சார் கொண்டாந்து கொடுத்தீய?"

"ஆமாம். இப்போது சட்டம் மாறிவிட்டது," என்றேன். எந்தச் சட்டமும் மாறவில்லை.

"கேஸாவுமா?"

"ஆகும்."

அவர் பென் டிரைவை மேசை டிராயரிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "எடுத்துட்டுப் போங்க சார். சும்மா காலி பீலி போலீசு, கோர்ட்டுன்னு நமக்கு எதுக்கு?" கோபம்கூட இல்லை. ஆபீஸுக்கு வரும் ஆட்கள் என்னைப் பார்க்கிற அதே பார்வை. கொஞ்சம் பயம், நிறைய அருவருப்பு.

அந்தக் கொடையில் பெண்களை யாரும் கூப்பிடவில்லை. இணையத்தில் யாரோ எந்த ஊரிலோ சிந்தசைஸரோடு பாடிய அம்மன் பாட்டுகளை இறக்கி ஓடவிட்டார்கள். இலவசம், கேஸ் கிடையாது, யார் வீட்டுப் பெயரும் கிடையாது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது நாற்காலிகள் போன வருஷத்தைவிட ஒரு வரிசை அதிகம்.

மறுநாள் மத்தியானம் அக்காவைப் பார்க்கப் பலகாரக் கூடத்துக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஒரு தகர டின்னைத் துடைத்து என் பக்கம் தள்ளி, "இருங்க தம்பி," என்றார். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்.

"பேப்பர் எழுதிக் கொடுத்தியளாமே?"

"அக்கா, அது உங்களுக்காகத்தான். அந்தப் பாட்டை நிறுத்தினால் உங்களைக் கூப்பிடுவார்கள் என்று..."

"எனக்காகன்னா எங்கிட்டல்லா கேக்கணும்?"

அவர் கை மாவிலேயே இருந்தது.

"போன வருசம் பின்னால நின்னேன். அழுவையா வந்துச்சு, இல்லங்கல. பெறவு நெனச்சேன், நான் பாடாட்டாலும் ஆத்தாளுக்கு என் சத்தம் கேக்குதுல்லா, போவுது, அது போதும்னு. எட்டு நாளும் போய் நின்னேன் தம்பி. இந்த வருசம் அதயும் நிறுத்திப்புட்டிய. நேத்து அவ முன்னால போயி ஊமையாட்டம் நின்னுட்டு வந்தேன்."

நான் அண்ணாச்சியிடம் போய்ப் பேசுகிறேன் என்றேன். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"போனேன். நானே கேட்டுப் பாத்துட்டேன். வேண்டாம்னுட்டாவ. பேப்பர்ல கம்பெனிக்குச் சொந்தம்னு இருக்காம்." மாவை உருட்டி அச்சில் திணித்தார். "அந்தப் பேப்பர்ல என் பேரு இருக்கா தம்பி?"

கடிதத்தில் நிறுவனத்தின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. தட்டின் எண் இருந்தது. என் பெயர் கையெழுத்துக்குக் கீழே அச்சில் இருந்தது.

"இல்லை அக்கா," என்றேன்.

அவர் அச்சை எண்ணெய்க்கு மேலே பிடித்து மெதுவாகச் சுற்றினார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்கான வார்த்தை என் வாயில் வரவில்லை. பழக்கமான வார்த்தைதான் வந்தது. இன்னொரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன், அனுமதி கொடுத்து, உங்கள் பெயரையும் போட்டு.

"எழுதுங்க," என்றார் திரும்பிப் பார்க்காமல். "எழுதத் தெரிஞ்சவிய எழுதுங்க."